நூலக வரி கட்டுகிறோம், நூலகத்துக்குப் போகிறோமா?

(உடுமலைப்பேட்டையில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாத வாசகர்களுக்காக இங்கே தருகிறோம்.)

  

இன்றைய தலைப்பு நூலகம் என்று நோட்டீஸில் பார்த்துவிட்டு, நேற்று மக்ரிபுக்குப் பிறகு சில இளைஞர்கள் என்னை மறித்துக் கேட்டார்கள். "ஹஜ்ரத், சமுதாயத்துக்கு ஆயிரம் பிரச்சினை இருக்கிறது. வக்ஃப் சொத்து கேள்விக்குறியாக நிற்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்று ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் நூலகத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?"

நியாயமான கேள்விதான். நீங்கள் சொன்ன அந்த இரண்டு பிரச்சினைக்காகவும்தான் பேசப் போகிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். அதற்கு முன் ஒரு சகோதரியின் அனுபவத்தைக் கேளுங்கள்.

அவர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர். கணவர் மவுத்தாகி நான்கு வருடம். இரண்டு பெண் பிள்ளைகள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி வண்டி ஏறினால் வீடு திரும்ப இரவாகிவிடும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் சனிக்கிழமைச் சம்பளத்தில் வாடகை போக ஏதாவது மிஞ்சும். விதவை உதவித்தொகைக்கு மனுப் போடலாம் என்று யாரோ சொல்லி, ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார். அங்கே இருந்த பையன் ஆதாரை வாங்கினான், ரேஷன் கார்டை வாங்கினான், போட்டோ எடுத்தான், பணமும் வாங்கினான். "போன் நம்பர் சொல்லுங்க" என்றான். சகோதரியின் போன் அன்று ரிப்பேரில் இருந்தது. "பரவாயில்லக்கா, என் நம்பரையே போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வரிசையில் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள், வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு நம்பர் அந்தச் சகோதரியை எட்டு மாதம் அலைய வைத்தது!

எப்படி? தமிழ்நாட்டு இ-சேவையில் எந்தச் சான்றுக்கு மனுப் போடுவதானாலும் முதலில் 'கேன்' என்று ஒரு எண் உங்கள் பெயரில் உருவாக வேண்டும். அதில் எந்த போன் நம்பர் ஏறுகிறதோ அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும், தகவல் வரும். சகோதரியின் மனு, ஒரு சான்று குறைகிறது என்று திரும்பியிருக்கிறது. அந்தத் தகவல் அவருக்கு வரவில்லை, கடைக்காரப் பையனின் போனுக்குப் போனது. நாளெல்லாம் நூறு பேருக்கு ஓடிபி வந்து விழுகிற போன் அது. அதில் இந்த ஏழையின் செய்தியை யார் பார்ப்பார்? கொஞ்ச நாளில் அவனும் கடையைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். நம்பரும் வேலை செய்யவில்லை. ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டால் "ஆன்லைனில் பாருங்கம்மா" என்கிறார்கள். ஆன்லைனில் பார்க்கப் போனால் ஓடிபி கேட்கிறது. ஓடிபியோ செத்துப்போன நம்பருக்குப் போகிறது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாத் தாளையும் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்.

சகோதரர்களே, எனக்கு மதரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும் சொல்லிக் கொடுத்தார்கள், கேன் எண்ணைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு கல்லூரி மாணவனைக் கூப்பிட்டுத்தான் சரிசெய்தோம். அந்தப் பையனுக்கு முக்கால் மணி நேர வேலை. முக்கால் மணி நேரத்தில் முடிகிற காரியத்துக்கு எட்டு மாதம்!

பெயரில் இருக்கிறது பிரச்சினை

நம் சமுதாயத்துக்கு இதில் தனியாக ஒரு சோதனை உண்டு. நம் பெயர்கள்! முஹம்மது என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், ரேஷன் கார்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல், பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது. சில இடத்தில் இரண்டே எழுத்தாகச் சுருக்கி ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். வீட்டில் பாத்திமா, ரேஷன் கார்டில் பாத்துமா, பழைய பட்டியலில் பாத்திமுத்து. பீவி, பீ, பேகம் எல்லாம் எழுதுகிறவர் இஷ்டம். தாளும் பேனாவும் இருந்த காலத்தில் கிராம நிர்வாக அலுவலர் முகத்தைப் பார்ப்பார், "நம்ம ராவுத்தர் மகள்தானே" என்று கையெழுத்துப் போடுவார். கணினிக்கு ராவுத்தரைத் தெரியாது. ஒரு எழுத்து மாறினால் அதற்கு நீங்கள் வேறு ஆள்!

சாதிச் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்த 3.5 சதவீத இட ஒதுக்கீடு, 'பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்' என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. படிவம் நிரப்புகிறவர் அவசரத்தில் பொதுவான பிற்படுத்தப்பட்டோர் என்ற கட்டத்தில் சொடுக்கிவிட்டால், அதைத் திருத்த மறுபடியும் மனு, மறுபடியும் கட்டணம், மறுபடியும் காத்திருப்பு. கவுன்சிலிங் தேதி நமக்காகக் காத்திருக்குமா? எத்தனை வருடம் மாநாடு போட்டு, எத்தனை போராட்டம் நடத்திப் பெற்ற உரிமை அது! ஒரு தவறான சொடுக்கில் போய்விடுகிறது.

இப்போது அந்த இளைஞர்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 4 ஆம் தேதி தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீட்டுக்குப் படிவம் வந்தது. 2002 அல்லது 2005 ஆம் ஆண்டுப் பட்டியலில் உங்கள் பெயரோ தாய் தகப்பன் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். அந்தப் பழைய பட்டியல் எங்கே இருக்கிறது? இணையதளத்தில்! அன்றைக்கு நாம் கோவை மாவட்டம். திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009 இல். 2008 மறுவரையறையில் தொகுதி எல்லைகளும் மாறிப் போயின. மடத்துக்குளம் என்ற தொகுதியே அப்போதுதான் வந்தது. இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர்தான் தேடிக் கண்டுபிடிக்க முடியும். நம் பள்ளிவாசல் திண்ணையில் இரண்டு லேப்டாப்பை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை நம் பிள்ளைகள் தேடினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக!

டிசம்பர் 19 ஆம் தேதி வரைவுப் பட்டியல் வெளிவந்தது. தமிழகம் முழுவதும் 97 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை! ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தவர்கள் என்று கணக்குச் சொன்னார்கள், சரி. 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்றார்கள். நம் பகுதியில் வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர் யார்? பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லர், கம்பெனி பக்கத்திலேயே வாடகைக்கு இருக்கிற தொழிலாளி. அவர் இந்துவாக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும் இந்தச் சோதனை ஒன்றுதான்.

வக்ஃப் விஷயம் இன்னும் கசப்பானது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தை எதிர்த்து வீதியில் நின்றோம். செப்டம்பர் 15 இல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. ஆனால் 'உமீத்' என்ற இணையதளத்தில் ஒவ்வொரு வக்ஃப் சொத்தின் விவரத்தையும் ஏற்ற வேண்டும் என்பது நிற்கவில்லை. ஜூன் 6 இல் தளம் திறந்தது, ஆறு மாத அவகாசம். டிசம்பர் 1 இல் அவகாசத்தை நீட்டிக்க உச்ச நீதிமன்றம் மறுத்து, தேவைப்படுகிறவர்கள் வக்ஃப் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றது. டிசம்பர் 6 இல் தளம் மூடியபோது நாடு முழுவதும் 5 லட்சத்து 17 ஆயிரம் சொத்துகளுக்குப் பதிவு தொடங்கப்பட்டிருந்தது. ஒப்புதல் வரை முடிந்தவை 2 லட்சத்து 17 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை!

மீதிக்கெல்லாம் காரணம் சட்டம் மட்டும்தானா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளிவாசல் முத்தவல்லியைப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். தகரப் பெட்டியில் பத்திரம் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார். ஒரு தாள் தொலையவில்லை. ஆனால் ஸ்கேன் பண்ணத் தெரியாது, தளத்தில் நுழையத் தெரியாது. பேரனின் போனில் படம் எடுத்து ஏற்றப் பார்த்து, கடைசி வாரத்தில் தளம் திக்கித் திணறி, அழாத குறையாக நின்றார். சட்டத்தை எதிர்த்துப் போராடுவது ஒரு கடமை. போராட்டம் நடக்கும்போதே தகரப் பெட்டியில் இருப்பதைத் தளத்தில் ஏற்றுவது இன்னொரு கடமை. இரண்டாவதில் நாம் தோற்றோம் என்பதுதான் என் கருத்து. சிலருக்கு இது பிடிக்காமல் இருக்கலாம்.

எழுதத் தெரிந்தவன் மறுக்கலாகாது

நான் சிறுவனாக இருந்தபோது தாலுகா ஆபீஸ் பக்கம் போனால் மரத்தடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருப்பார். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வார், அவர் எழுதிக் கொடுப்பார், எழுதியதைத் திரும்பப் படித்தும் காட்டுவார். அந்தப் பெரியவரின் இடத்தில்தான் இன்றைக்குப் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஆனால் படித்துக் காட்டுகிற வழக்கம் போய்விட்டது.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியா, நோன்பைப் பற்றியா? இல்லை! கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம். வியாபாரிகளே, அது உங்களுக்காக இறங்கிய வசனம். அதில் இறைவன் இரண்டு விஷயத்தைக் கட்டளையிடுகிறான். எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுக்க மறுக்கக் கூடாது, ஏனென்றால் எழுத்து அவருக்கு அல்லாஹ் கற்றுக்கொடுத்தது. சொல்ல இயலாத பலவீனருக்காக அவருடைய பொறுப்பாளர் நியாயமாகச் சொல்ல வேண்டும். கடன் பத்திரத்துக்கு இறங்கிய கட்டளைதான். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு மனுவுக்காகத் தெருத்தெருவாக அலைவதைப் பார்த்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருக்கும் இளைஞனே, உன்னை அந்த வசனம் விட்டுவிடும் என்று நினைக்கிறாயா?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில்தான் தீவான் என்ற பதிவேடு உண்டானது. இன்னார், இன்ன கோத்திரம், இவருக்கு இவ்வளவு உதவித்தொகை என்று பெயர் பெயராக எழுதினார்கள். குஸாஆ கோத்திரத்தாரின் பதிவேட்டைக் கலீஃபா தாமே சுமந்துகொண்டு குதைத் என்ற இடம் வரை போய், பெண்களின் கையிலேயே தொகையைக் கொடுத்ததாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். பதிவேடு மக்களைத் தேடிப் போனது! இன்றைக்கு மக்கள் பதிவேட்டைத் தேடுகிறார்கள், அது கண்ணாடித் திரைக்குப் பின்னால் இருக்கிறது.

ரசீதை எடுத்துப் பாருங்கள்

இனி நூலகத்துக்கு வருவோம். வியாபாரிகளே, சொத்து வரி கட்டுகிறீர்கள் அல்லவா? அதில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலக வரி சேர்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடைக்கு வருடம் 8,000 ரூபாய் சொத்து வரி என்றால் அதற்கு மேல் 800 ரூபாய் நூலகத்துக்கு. "நான் வாடகைக்காரன்தானே, எனக்கென்ன" என்று சொல்லாதீர்கள். கட்டட உரிமையாளர் அதைத் தன் சட்டைப் பையிலிருந்து கட்டுவதில்லை, உங்கள் வாடகையிலிருந்துதான் கட்டுகிறார். நம் வக்ஃப் கடைகளிலிருந்தும் அந்த வரி போகிறது.

இந்த ஏற்பாட்டைச் செய்த 1948 ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்காகப் பாடுபட்டவர். அதைக் கொண்டுவந்த அன்றைய கல்வி அமைச்சர் யார் தெரியுமா? நம் மண்ணுக்காரர், 1903 இல் திருப்பூரில் பிறந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார்! இன்றைக்குத் தமிழகத்தில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருப்பதற்கு அந்தச் சட்டம்தான் அடித்தளம்.

பாக்தாதின் பைத்துல் ஹிக்மாவைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. நான் பேசியே தொண்டை கட்டியிருக்கிறது. ஆனால் இங்கே கூடியிருப்பவர்களில் நம் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (சில கைகள் உயர்கின்றன.) பாக்தாத் தூரம், நூலகம் பக்கம்! பக்கத்தில் இருப்பதற்குத்தான் போகவில்லை.

நான் ஏன் நூலகத்தைக் கையைக் காட்டுகிறேன் என்பதற்கு ஒரு முக்கியமான காரணம் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். அரசு அலுவலகத்துக்கு எந்த நாள் விடுமுறை? ஞாயிறு. பனியன் கம்பெனிக்கு? அதே ஞாயிறு. ஆக, தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கிற ஒரே நாளில் அலுவலகக் கதவு பூட்டியிருக்கிறது. மனுப் போட வேண்டுமென்றால் அவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஆனால் கிளை நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை! ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். அரசுக்குச் சொந்தமான கட்டடங்களில் ஞாயிற்றுக்கிழமை ஏழைக்குத் திறந்திருக்கிற கதவு வேறு எது? அங்கே உட்கார நாற்காலி இருக்கிறது, மேலே மின்விசிறி சுற்றுகிறது, உள்ளே வருகிறவரை "என்ன வாங்குறீங்க" என்று யாரும் கேட்பதில்லை. புர்கா அணிந்த நம் பெண்களும் அங்கே போய் உட்காரலாம். பிரவுசிங் சென்டரின் நெருக்கடியில் ஆண்களுக்கு நடுவே நின்று "கணவர் எப்ப இறந்தார், வருமானம் எவ்வளவு" என்று ஊர் கேட்கப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பிரவுசிங் சென்டர் வைத்துப் பிழைக்கிற நம் பிள்ளைகள் என் மீது கோபப்பட வேண்டாம். உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட நான் வரவில்லை. பணம் கொடுத்துச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறவர்கள் எப்போதும் உங்களிடம்தான் வருவார்கள். பணம் இல்லாதவருக்கும் ஒரு வாசல் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மலையைத் தாண்டினால்

உடுமலையில் மறையூர் பஸ் ஏறினால் சின்னாறு தாண்டியதும் கேரளம். அங்கே என்ன செய்தார்கள்? 2002 நவம்பர் 18 இல் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் 'அட்சயா' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டம் எது? மலப்புரம்! முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம், படிப்பில் பின்தங்கியது என்று பெயரெடுத்திருந்த மாவட்டம். குடும்பத்துக்கு ஒருவருக்காவது கணினியைத் தொடக் கற்றுக்கொடுப்பது, நடந்து போகிற தூரத்தில் ஒரு மையம் வைப்பது, இவ்வளவுதான் திட்டம். அட்சயா நூலகம் அல்ல, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முதலில் மக்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்புறம் சேவையைக் கணினிக்கு மாற்றினார்கள், அந்த வரிசையைப் பாருங்கள். இங்கே சேவை முதலில் கணினிக்குள் போய்விட்டது. சொல்லிக் கொடுப்பது இன்னும் பாக்கி.

2025 ஆகஸ்ட் 21 இல் கேரளம் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தது. வீடு வீடாகக் கணக்கெடுத்து 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கற்றுக்கொண்டவர்களில் எர்ணாகுளம் மாவட்டத்து மௌலவி ஒருவர், அவருக்கு வயது 105! அவர் ஒரு பாக்கவி. அதாவது நம் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தின் பட்டத்தைத் தாங்கியவர். 105 வயதில் ஒரு ஆலிம் போனில் செய்தி பார்க்கக் கற்றுக்கொண்டார். நாற்பதுகளில் இருக்கிற ஆலிம் நான், ஓடிபிக்குப் பிள்ளை வயதுப் பையனைத் தேடினேன். வெட்கமாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டிலும் இந்த அனுபவம் உண்டு. 2005 இல் அமெரிக்காவைக் கத்ரீனா புயல் தாக்கியபோது, வீடிழந்த மக்கள் நிவாரண விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. அவர்கள் ஓடிய இடம் பொது நூலகம். நூலகர்களே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். டென்மார்க்கில் 2014 நவம்பரிலிருந்து அரசுக் கடிதங்கள் எல்லாம் மின்னஞ்சல் பெட்டிக்குத்தான் என்று ஆனபோது, வயதானவர்களுக்குக் கைகொடுத்தவையும் நூலகங்கள்தான்.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரல் 30 இல் ஒரு தீர்ப்பில், டிஜிட்டல் வசதியை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21 ஆவது பிரிவு தருகிற வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு அது. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

என்ன கேட்கப் போகிறோம்?

மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கும் மாவட்ட நூலக அலுவலருக்கும் ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். ஒவ்வொரு முழுநேரக் கிளை நூலகத்திலும் அரசுச் சேவைகளுக்கென்று தனியாக இரண்டு கணினி, ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர் வேண்டும். எந்தச் சான்றுக்கு என்ன தாள் வேண்டும், அரசு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு, உண்மையான தளத்தின் முகவரி எது என்று தமிழில் சுவரில் எழுதி வைக்க வேண்டும். தொழில் தொடங்குகிறவர்களுக்கு உத்யம் பதிவு இலவசம். போலித் தளத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாந்த வியாபாரிகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்! தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்திருந்தாலே போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உதவுவதற்குப் பயிற்சி பெற்ற ஒரு ஆள் வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். பல கிளை நூலகங்களில் ஒரே நூலகர்தான் புத்தகம் கொடுக்கிறார், வாங்குகிறார், கணக்கு எழுதுகிறார், கதவைப் பூட்டுகிறார். அவர் தலையில் இதையும் கட்டினால் புத்தகம் படிக்க வருகிற மாணவனும் கெடுவான், மனுப் போட வருகிற மூதாட்டியும் கெடுவாள். கணினியை வாங்கி வைத்துவிட்டு ஆளைப் போடாமல் விட்டால், இரண்டு வருடத்தில் அது துணி போட்டு மூடிய பெட்டியாகத்தான் நிற்கும். எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறோம்!

"இதற்கு ஏன் நூலகம்? நம் பள்ளிவாசலிலேயே ஒரு மையம் வைத்துவிடலாமே" என்று நம் அமைப்பிலேயே சில மூத்த சகோதரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அவசரத்துக்குத் திண்ணையில் உட்கார்ந்தோம், இனியும் உட்காருவோம். ஆனால் அந்தச் செக்கிங் சகோதரியோடு ஒரே மேசையில் வேலை செய்கிற இந்துச் சகோதரிக்கும் இதே பிரச்சினை இருக்கிறது. அவர் பள்ளிவாசல் திண்ணைக்கு வருவாரா? நம் பெண்களில் எத்தனை பேர் வருவார்கள்? இன்னொன்று, நாமே எல்லாவற்றையும் செய்து கொண்டிருந்தால், வரியை வாங்கிக்கொண்ட அரசு நிம்மதியாகத் தூங்கும். அதை எழுப்ப வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் அரசு எழுந்து வருகிற வரை சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. அதில் சேருங்கள். வியாபாரிகளே, 1,000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம். ஒரு கல்யாண மொய்க்கு ஆகிற பணம். புரவலராகவும் வாசகர் வட்டத்திலும் இருப்பவர் கேட்கிற கேள்விக்கு நூலகத்தில் ஒரு எடை இருக்கும். பிரிண்டர் வாங்கித் தருகிறேன் என்று முன்வருகிறவர்கள் முறைப்படி ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள், மேலே பெயர்ப்பலகை வேண்டாம்.

இளைஞர்களே, நூலகரிடம் அனுமதி கேட்டு ஞாயிற்றுக்கிழமை லுஹரிலிருந்து அஸர் வரை இருவர் இருவராக உட்காருவோம். பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற நம் சகோதரிகளும் வர வேண்டும், பெண்களுக்குப் பெண்களே உதவுவது நல்லது. உட்காருகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. இதில் நான் கண்டிப்பானவன். யாருடைய மனுவிலும் உங்கள் போன் நம்பரைப் போடக் கூடாது. போன் இல்லாதவர் என்றால் அவர் வீட்டாரின் நம்பர் கிடைக்கிற வரை மனுவை நிறுத்தி வையுங்கள். ஓடிபியை அவரே பார்த்து அவரே சொல்ல வேண்டும். ஆதாரைப் படம் எடுத்து உங்கள் போனில் வைக்கக் கூடாது. பொதுக் கணினியில் ஏற்றிய தாள்களை அழித்துவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நிரப்பியதை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் அனுப்ப வேண்டும். ஒப்புகைச் சீட்டு அவர் கையில் போக வேண்டும். வருகிறவர் எந்தக் கட்சி, எந்த மதம், எந்த ஜமாஅத் என்று கேட்கக் கூடாது. ஒரு மனிதரின் வருமானமும் வியாதியும் குடும்பப் பிரச்சினையும் உங்கள் கண் முன்னால் விரிகிறது. அது அமானிதம். டீக்கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அந்த ஆளை அடுத்த வாரம் உட்கார வைக்க மாட்டோம்.

அந்தச் செக்கிங் சகோதரிக்கு உதவித்தொகை வந்துவிட்டதா என்று சிலர் சைகையில் கேட்கிறீர்கள். வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது அவர் மூத்த மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். சாதிச் சான்றைத் தானே நிரப்பினாள், 'பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்' என்று பார்த்துச் சொடுக்கினாளாம். என்னிடம் காட்டிவிட்டுப் போனாள்.

மனு மேடைக்கு வலப்பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் சொத்து வரி ரசீதின் நகல் ஒன்றை இணைத்துத் தாருங்கள், நூலக வரி கட்டியவர்கள் கேட்கிறோம் என்பதற்கு அதுதான் ஆதாரம். ரசீது கொண்டு வராதவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வரும்போது கொடுக்கலாம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடமும், எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், கேட்டு வாங்குங்கள். வெளியூர் வாசகர்கள் உங்கள் ஊர் நூலகத்தின் பெயரை எழுதி அந்தந்த மாவட்ட நூலக அலுவலருக்கு இதே மனுவை அனுப்பலாம். இஷா பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, வரிசையாக வந்து கையெழுத்துப் போடுங்கள். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.